ஆகஸ்ட் மாத வாடிக்கையாளர்கள்

நோக்கியாவின் பழைய சீரீஸ் 40 போன்கள் சிலவற்றில் ஜாவா ஆப் 64 கேபிக்கு மேல் போனால் ஏறவே ஏறாது. நிரல், படம், ஒலி எல்லாம் சேர்த்து 64. இன்று வாட்ஸாப்பில் வரும் ஒரு குட்மார்னிங் படம் அதைவிடப் பெரிது. நான் மொபைல் பக்கம் வந்தது அந்தக் காலத்தின் கடைசியில். ஈரோட்டில் ஒரு மாடி அறை, பழைய கம்ப்யூட்டர் ஒன்று, மழை பெய்தால் போய்விடும் பிராட்பேண்ட். ஓடெஸ்க் தளத்தில் வெளிநாட்டுக்காரர் யாராவது வேலை போடுவார்கள். நாங்கள் போட்டி போட்டு விலையைக் குறைத்து எடுப்போம்.

வேலை என்றால் பெரும்பாலும் போர்ட்டிங், அதாவது ஒரு போனுக்கு எழுதியதை இன்னொரு போனில் ஓட வைப்பது. ஒரு கேமையோ அகராதியையோ வேறு யாராவது ஏற்கெனவே எழுதியிருப்பார்கள். 128க்கு 160 புள்ளித் திரைக்கு எழுதியதை 240க்கு 320 திரையில் திறந்தால் ஒரு மூலையில் ஒடுங்கிக் கிடக்கும். ஒரு போனில் வலதுபக்க பட்டனை அழுத்தினால் வரும் எண், இன்னொரு கம்பெனி போனில் வேறாக இருக்கும். மாடலுக்கு ஒரு ஜார் கோப்பாக ஆப்பைக் கட்டி, கையில் போன் இல்லாவிட்டால் கம்ப்யூட்டரிலேயே போன் மாதிரி நடிக்கும் எமுலேட்டரில் ஓட்டிப் பார்த்து, சாமி கும்பிட்டுவிட்டு அனுப்ப வேண்டியதுதான்.

எரிச்சலான வேலை. ஆனால் போன்களெல்லாம் ஒரே மாதிரி இருந்திருந்தால் அந்த வேலை எனக்கு வந்தே இருக்காது. முதலில் எழுதியவரே ஒரு தடவை எழுதி எல்லோருக்கும் விற்றிருப்பார். இந்தத் தொழிலில் என் வருமானத்தில் பெரும்பகுதி இப்படித்தான் வந்திருக்கிறது. இரண்டு கருவிகள் ஒத்துப்போகாத இடத்தில் வரும், இல்லையென்றால் நேற்று ஓடியது இன்று ஓடாத இடத்தில் வரும். புதுத் தொழில்நுட்பம் வாய்ப்பைக் கொட்டும் என்று யூடியூபில் சொல்பவர்களோடு எனக்குப் பெரிய சண்டை இல்லை. எந்த இடத்தில் கொட்டுகிறது என்பதில்தான் பேச்சு.

2008 ஜூலையில் ஆப்பிளின் ஆப் ஸ்டோர் வந்தது, அக்டோபரில் ஆண்ட்ராய்டு மார்க்கெட். ஆப்பிள் பக்கம் போக மேக் வேண்டும், வருடா வருடம் 99 டாலர் கட்ட வேண்டும். ஆண்ட்ராய்டுக்கு ஒரே ஒரு முறை 25 டாலர். அன்றைக்கு அது ஆயிரத்துச் சொச்சம் ரூபாய். பணம் இருந்தாலும் கிரெடிட் கார்டு வேண்டுமே? எங்கள் வட்டாரத்தில் பலர் ஐடி கம்பெனியில் இருக்கும் மச்சானின் கார்டை வாங்கித்தான் கணக்குத் திறந்தார்கள். எது சிறந்த தொழில்நுட்பம் என்று யாரும் உட்கார்ந்து ஆராயவில்லை. எங்களில் பெரும்பாலானவர்களை ஆண்ட்ராய்டு பக்கம் தள்ளியது இந்த டாலர் கணக்குதான்.

அதற்குப் பிறகு கொஞ்ச காலம் நன்றாக இருந்தது. பெரிய கம்பெனிகளில் ஆண்ட்ராய்டு தெரிந்த ஆட்கள் இன்னும் தயாராகவில்லை. ஐந்து வருட அனுபவம் கேட்க முடியாது, அந்தப் பொருளுக்கே அவ்வளவு வயதில்லை. (அப்படியும் கேட்டவர்கள் உண்டு.) அப்போது ஆப் எழுதப் பயன்பட்ட எக்லிப்ஸ் மென்பொருளைத் திறந்து ஒரு பட்டனை வைக்கத் தெரிந்தவனெல்லாம் எக்ஸ்பர்ட். ஒரு மாற்றம் வரும்போது தனியாள் பெரிய கம்பெனியை முந்துவது அந்தச் சின்ன இடைவெளியில்தான். கம்பெனிகள் ஆட்களைப் பழக்கி முடித்ததும் கதவு சாத்திவிடும்.

தமிழ் ஆப்களில் இன்னொரு கூத்து. ஆரம்ப கால ஆண்ட்ராய்டில் யூனிகோடு தமிழ் கட்டம் கட்டமாகத்தான் தெரியும். சில போன்களில் எழுத்து வரும், கொம்பு இடம் மாறி நிற்கும். டிடிபி சென்டர்களில் ஓடிக்கொண்டிருந்த பாமினி எழுத்துருதான் அப்போது கைகொடுத்தது. அதை ஆப்புக்குள் வைத்துவிட்டு, யூனிகோடு வரியைப் பாமினிக்கு மாற்றிக் காட்டுவோம். ‘கொ’ என்றால் கொம்பைப் பிரித்து முன்னால் போட்டு, காலைப் பின்னால் போட்டு, எல்லாவற்றையும் ஆங்கில எழுத்துகளாக வைக்க வேண்டும். திருக்குறள், பஞ்சாங்கம், ராசிபலன், சமையல் குறிப்பு என்று இந்த வித்தையில் ஓடிய ஆப்கள் ஏராளம். ஆண்ட்ராய்டே தமிழை ஒழுங்காகக் காட்டத் தொடங்கியதும் அந்த வித்தைக்கு வேலை இல்லாமல் போனது. யாரும் அழவில்லை. பாமினியை ஆப்பிலிருந்து வெளியே எடுக்க அதே வாடிக்கையாளர்கள் மறுபடி பணம் கொடுத்தார்கள்.

அழுதவர்கள் சிம்பியன்காரர்கள். நோக்கியா ஸ்மார்ட்போன்களில் ஓடிய இயங்குதளம் சிம்பியன். அதில் சி ப்ளஸ் ப்ளஸ் மொழியில் நிரல் எழுதுவது லேசுப்பட்ட காரியம் இல்லை. ஒரு சாதாரண எழுத்துச் சரத்தைக் கையாளக்கூட அதற்கென்று தனி முறைகள் இருந்தன. கற்றுக்கொள்ளவே வருடக்கணக்கில் ஆகும் என்பதால் தெரிந்தவருக்கு நல்ல விலை கிடைத்தது. 2011 பிப்ரவரியில், நோக்கியாவின் தலைவர் ஸ்டீபன் ஈலாப், இனி விண்டோஸ் போன்தான் என்று மைக்ரோசாஃப்டோடு கைகோத்தார். சிம்பியன் கேட்டுப் புது வேலை போடுபவர்கள் காணாமல் போனார்கள். அந்த மாற்றத்தின் கடைசி அலை 2014 நவம்பரில் ஸ்ரீபெரும்புதூருக்கு வந்தது. 2006 முதல் போன் செய்துகொண்டிருந்த நோக்கியா ஆலை மூடப்பட்டு ஆயிரக்கணக்கானவர்கள் வேலை இழந்தார்கள். எங்களை மாதிரி ஆட்கள் இரண்டு மாதம் படித்து இன்னொரு மொழிக்குத் தாவிக்கொள்ளலாம். அந்த ஆலை வாசலில் நின்றவர்களுக்கு அது முடியாது. தொழில்நுட்ப மாற்றத்தை எப்போதும் நல்ல செய்தியாகவே எழுதுபவர்கள் இதை ஒரு வரியாவது சேர்த்துக்கொள்ளலாம்.

2016 செப்டம்பரில் ஜியோ வந்தது. அதற்கு முன் ஒரு ஜிபிக்குச் சுமார் 250 ரூபாய் கொடுத்துக்கொண்டிருந்த ஊரில் டேட்டா சில மாதங்களுக்குச் சும்மாவே கிடைத்தது. அதே வருடம் நவம்பரில் பணமதிப்பிழப்பு. இரண்டும் சேர்ந்து என் வாடிக்கையாளர் பட்டியலையே மாற்றிவிட்டன. அதுவரை எனக்கு வேலை கொடுத்தவர்கள் ஆஸ்திரேலியாவிலும் கனடாவிலும் இருந்தார்கள். இப்போது பன்னீர்செல்வம் பார்க் பக்கத்து ஜவுளிக்கடைக்காரர், மஞ்சள் மண்டிக்காரர், சீட்டு நடத்துபவர், தண்ணீர் கேன் போடுபவர் எல்லோரும் ஆப் கேட்டார்கள். வசூலுக்குப் போகும் பையன் கையில் ஸ்மார்ட்போன் வந்துவிட்டது என்பதுதான் காரணம்.

இந்த உள்ளூர் வேலைகளில்தான் எனக்கு ஒரு தனித் திறமை ஒட்டிக்கொண்டது. சொன்னால் சிரிப்பீர்கள், புளூடூத் பிரிண்டரில் தமிழ் அச்சடிப்பது.

பஸ் கண்டக்டர் கையில் இருப்பது மாதிரி சின்னப் பெட்டி. தாள் 58 மில்லிமீட்டர் அகலம். ஆங்கிலம் அனுப்பினால் கடகடவென்று அடிக்கும். தமிழ் அனுப்பினால் கேள்விக்குறி வரும், சிலதில் சீன எழுத்து வரும். அந்தப் பெட்டிக்குள் தமிழ் எழுத்துருவே கிடையாது. சீட்டுக்காரர் ஒருவர் ஒரே பிடியாக நின்றார்: “பேரு தமிழ்ல வரோணுங்க தம்பி. இங்கிலீஷ்ல துண்டு குடுத்தா ஆயாக்க நம்ப மாட்டேங்கறாங்க.” அவர் சொன்னது நியாயம். கட்டிய பணத்துக்குக் கையில் கிடைக்கும் ஒரே அத்தாட்சி அந்தத் துண்டுதான்.

ஆகவே முழு ரசீதையும் முதலில் ஒரு படமாக வரைய வேண்டும். அகலம் 384 புள்ளி, அவ்வளவுதான் பிரிண்டரின் அச்சுத் தலைக்குத் தெரியும். படத்தைக் கறுப்பு வெள்ளைப் புள்ளிகளாக மாற்றி, எட்டுப் புள்ளிக்கு ஒரு பைட் என்று கட்டி அனுப்ப வேண்டும். எழுத்தைச் சின்னதாக்கினால் ‘ணி’, ‘ழி’யின் சுழிகள் அடைத்துக்கொண்டு கறுப்புப் பொட்டாகிவிடும். பெரிதாக்கினால் ‘கிருஷ்ணமூர்த்தி’ இரண்டு வரி எடுத்து, ரோல் சீக்கிரம் தீர்கிறது என்று முதலாளி கோபிப்பார். மலிவு பிரிண்டரில் மெமரி குறைவு. மொத்தப் படத்தையும் ஒரேயடியாக அனுப்பினால் பாதியில் திணறி, மீதிக்குக் குப்பை எழுத்தைத் துப்பும். பத்துப் பதினைந்து வரிகளாக, நடுவில் கொஞ்சம் மூச்சுவிட்டு அனுப்ப வேண்டும். அந்த இடைவெளி எவ்வளவு என்பது பிரிண்டருக்குப் பிரிண்டர் வேறு, வாங்கி அடித்துப் பார்த்தால்தான் தெரியும். என் மேஜை இழுப்பறையில் அதனால்தான் இவ்வளவு பிரிண்டர்கள். வீட்டுக்காரம்மா அதைப் பற்றிக் கேட்பதை நிறுத்திவிட்டார்.

இதை எந்தக் கோர்ஸிலும் சொல்லித்தருவதில்லை. பெரிய கம்பெனி இந்தத் தொகைக்கு வந்து உட்காராது. சென்னையிலிருந்து ஒருவர் ரிமோட்டில் செய்யவும் முடியாது, பிரிண்டர் கையில் இருக்க வேண்டும். எனக்குப் போட்டி குறைவாக இருந்ததற்குக் காரணம் இவ்வளவுதான்.

இன்னொரு நீண்ட கால வேலை விற்பனைப் பிரதிநிதி எங்கே சுற்றுகிறார் என்று காட்டும் ஆப். எழுதுவது சுலபம். ஓட வைப்பதுதான் கஷ்டம். சில கம்பெனிகளின் போன்கள் பேட்டரியை மிச்சம் பிடிக்கிறோம் என்று பின்னால் ஓடும் ஆப்பைக் கொன்றுவிடும். கூகுளின் விதிப்படி சரியாக எழுதியிருந்தாலும் கொல்லும். “ஆளு கோபிச்செட்டிபாளையம் தாண்டிட்டாராமுங்க, மேப்புல இன்னும் நம்ம ஆபீசுலயே நிக்கறாருங்க” என்று போன் வரும். நேரில் போய் ஒவ்வொரு போனாக வாங்கி, ஆப்பைத் தானாக ஓடவிடும் ஆட்டோஸ்டார்ட் அமைப்பு எங்கே ஒளிந்திருக்கிறது என்று தேடி, பேட்டரிக் கட்டுப்பாட்டை எடுத்துவிட்டு வர வேண்டும். ஆண்ட்ராய்டு 8ல் பின்னணி வேலைக்குக் கட்டுப்பாடு, 10ல் பின்னணியில் இடம் அறியத் தனி அனுமதி, 14ல் எதற்காக ஓடுகிறாய் என்று வகை சொல்லிப் பதிவு செய்ய வேண்டும். ஒவ்வொன்றும் நியாயமான விதி. யாரோ நம்மைப் பின்தொடரக் கூடாது என்று நானும்தான் நினைக்கிறேன். ஒவ்வொன்றுக்கும் நான் பில் போட்டேன்.

இப்போது தலைப்புக்கு வருகிறேன்.

2018லிருந்து ப்ளே ஸ்டோரில் ஒரு விதி நடைமுறையில் இருக்கிறது. ஸ்டோரில் ஏற்றும் ஆப் அண்மைய ஆண்ட்ராய்டு பதிப்பைக் குறிவைத்து இருக்க வேண்டும். அந்தக் குறி வருடா வருடம் ஒரு படி ஏறும். கெடு இப்போதெல்லாம் ஆகஸ்ட் 31. தவறினால் புதுப்பிப்பு ஏற்ற முடியாது. இன்னும் பழையதாகவே விட்டுவிட்டால் புதுப் போன் வாங்கியவருக்கு ஸ்டோரில் ஆப் கண்ணிலேயே படாது. குறிவைக்கும் பதிப்பின் எண்ணை மாற்றுவது ஒரு வரி வேலைதான். மாற்றியதும் பழைய கேமரா குறியீடு படுக்கும், கோப்பு சேமிக்கும் இடம் மாறும், யாரோ எழுதி நாம் எடுத்துச் சேர்த்த நிரல் தொகுப்பு (லைப்ரரி) கம்பைல் ஆகாது. ஆண்ட்ராய்டு 12க்கு உயர்த்தியபோது புளூடூத்துக்குத் தனி அனுமதி வாங்க வேண்டியிருந்தது. வசூல் ஆப்களில் பிரிண்டர் பேச்சே நின்றுபோனது.

ஜூலையில் கூகுளிடமிருந்து முதலாளிகளுக்கு மெயில் போகும். அவர்கள் படிக்க மாட்டார்கள். ஆகஸ்ட் நடுவில் யாராவது சொல்லி, எனக்குக் கூப்பிடுவார்கள். “போன மாசம் வரைக்கும் நல்லாத்தானுங்களே ஓடிட்டிருந்துது? இப்ப எதுக்குங்க காசு?” இதற்குப் பதில் சொல்லிச் சொல்லி, எஃப்சி (தகுதிச் சான்று) காட்டாத லாரியை ரோட்டில் ஓட்ட முடியுமா என்று கேட்கப் பழகிக்கொண்டேன். லாரி வைத்திருப்பவர்கள் உடனே பணம் கட்டிவிடுகிறார்கள்.

கோட்லின், ஃப்ளட்டர் என்று ஆப் எழுதும் புது மொழியும் புதுக் கருவியும் கற்றதில் வந்த வருமானத்தைவிட இந்த ஒரு விதி எனக்குக் கொடுத்தது அதிகம். எழுதிக் கொடுத்துவிட்டுப் போனவர் வெளிநாடு போயிருப்பார், இல்லை வேலைக்குச் சேர்ந்திருப்பார். அவர் விட்டுப்போன ஆப்பைத் திறந்து, ஜாவாவில் எக்லிப்ஸ் காலத்து வாசனையோடு இருப்பதைப் படித்துச் சரிசெய்ய ஆள் வேண்டும். புதிதாகப் படித்து வரும் பிள்ளைகள் அதைத் தொட விரும்புவதில்லை. வருடாந்திர ஒப்பந்தம், அதாவது ஏஎம்சி போட்டுவிட்டால் மாதாமாதம் கொஞ்சம் நிலையான பணம். ஃப்ரீலான்சருக்கு நிலையான பணம் என்பதே அபூர்வம் என்று தெரிந்தவர்களுக்கு இதன் அருமை புரியும்.

இந்த மாதிரி விதி ஆப்பையே கொன்றதும் உண்டு. 2018 அக்டோபரில் கூகுள் எஸ்எம்எஸ், கால் பதிவு அனுமதிகளைக் கடுமையாக்கியது. அதுவரை சீட்டு வசூல் ஆப் பையனின் சிம்மிலிருந்தே ‘பணம் பெறப்பட்டது’ என்று செய்தி அனுப்பிக்கொண்டிருந்தது. அது போனது. எல்லோரையும், சிம் இல்லாமல் இணையம் வழியே செய்தி அனுப்பும் எஸ்எம்எஸ் கேட்வே சேவைக்கு மாற்றினோம். அப்புறம் தொலைத்தொடர்பு ஒழுங்குமுறை ஆணையமான டிராயின் டிஎல்டி பதிவு வந்தது, அனுப்பும் வாசகத்தையே முன்கூட்டிப் பதிய வேண்டும். 2021 மார்ச் 8 அன்று அதை அமலாக்கியபோது நாடு முழுக்க ஓடிபி வராமல் திண்டாடி, ஒரு வாரம் தள்ளி வைத்தார்கள். அந்த வாரம் நான் குடித்த டீக்குக் கணக்கில்லை. இதெல்லாம் முடிந்து நிமிர்ந்தால் வாடிக்கையாளர்கள் எஸ்எம்எஸ்ஸே வேண்டாம், வாட்ஸாப்பில் போகட்டும் என்றார்கள்.

வாட்ஸாப் பற்றியும் சொல்ல வேண்டும். 2018 ஜனவரியில் வாட்ஸாப் பிசினஸ் வந்ததும் சின்னக் கடைகளுக்கு ஆப் எழுதும் சந்தை மெதுவாகக் கரைந்தது. பட்டியல் போடலாம், விலை போடலாம், ஆர்டர் அங்கேயே வரும். அதற்கு மேல் ஒரு சேலைக் கடைக்கு என்ன வேண்டும்? நானே இரண்டொருவரிடம் ஆப் வேண்டாம், வாட்ஸாப் போதும் என்று சொல்லித் திருப்பி அனுப்பியிருக்கிறேன். அவர்கள்தான் பின்னால் பெரிய வேலையோடு வந்தார்கள்.

‘அது மாதிரி ஒண்ணு’ கேட்பவர்கள் தனி ரகம். 2020 ஜூன் கடைசியில் டிக்டாக் உட்பட 59 செயலிகளுக்குத் தடை. ஜூலையில் டிக்டாக் மாதிரி ஒன்று வேண்டும் என்று கேட்காதவர்கள் பாவம் செய்தவர்கள். பட்ஜெட் ஐம்பதாயிரம். ஊரடங்கில் ஸ்விக்கி மாதிரி. அதற்கு அப்புறம் ரம்மி, லூடோ. நல்ல பணம் புழங்கிய இடம் அது, நான் போகவில்லை. 2025 ஆகஸ்டில் பணம் கட்டி ஆடும் ஆன்லைன் விளையாட்டுகளுக்கு ஒன்றிய அரசு சட்டம் போட்டுத் தடை செய்ததும் அதை மட்டுமே நம்பியிருந்த சில பையன்கள் வேலை கேட்டு எனக்கே போன் செய்தார்கள்.

ஃப்ளட்டர் 1.0 வந்தது 2018 டிசம்பரில். ஒரே குறியீட்டில் ஆண்ட்ராய்டும் ஐபோனும். இரண்டு ஆள் வேலை ஒரு ஆளுக்கு ஆனது, கூலி இரண்டு மடங்காகவில்லை. ஆனாலும் எங்கள் ஊருக்கு அது பொருத்தம். இங்கே கம்பெனியில் எல்லோரிடமும் ஆண்ட்ராய்டு இருக்கும், முதலாளியிடமும் அவர் பையனிடமும் மட்டும் ஐபோன் இருக்கும். “எனக்கு மட்டும் இதுல வந்தாப் போதுங்க” என்பார். அந்த இரண்டு போனுக்காக ஆப் ஸ்டோர் வரை போவதில்லை, ஆப்பிளின் சோதனைத் தளமான டெஸ்ட்ஃப்ளைட்டில் ஏற்றிக் கொடுப்போம். அது 90 நாளில் காலாவதியாகும். 91ஆம் நாள் காலையில் முதலாளியே நேரில் கூப்பிடுவார். பாக்கித் தொகையை ஞாபகப்படுத்த அதைவிட நல்ல நேரம் கிடையாது.

கடந்த இரண்டு மூன்று வருடங்களில் வந்த மாற்றம் ஏஐ. லாகின் பக்கம், பட்டியல் பக்கம், சின்ன அட்மின் பேனல் போன்ற வேலைகள் எனக்கு வருவது குறைந்துவிட்டது. அதை மறைக்க ஒன்றுமில்லை. புதிதாக இந்தத் தொழிலுக்கு வருபவர்கள் முதலில் பிழைத்தது அந்தச் சின்ன வேலைகளில்தான், அவர்கள் இனி எங்கே கைப்பழகுவார்கள் என்பதுதான் என் கவலை. இன்னொரு பக்கம், இதுவரை ஆப் பற்றி யோசிக்காதவர்கள் தாங்களே முக்கால்வாசி செய்து எடுத்துக்கொண்டு வருகிறார்கள். கால்வாசிதான் கேட்கிறார்கள். அந்தக் கால்வாசிக்கு என்ன விலை சொல்வது என்று நாங்கள் யாரும் இன்னும் தெளிவாகவில்லை.

போன வருடம் காங்கேயத்திலிருந்து ஒரு தம்பி வந்தான். கொப்பரைக் களம் வைத்திருக்கும் குடும்பம். விவசாயியிடம் தேங்காய், கொப்பரை வாங்கும்போது எடை, விலை, பாக்கி குறிக்க ஒரு ஆப். ஏஐயிடம் பேசிப் பேசி அவனே செய்திருந்தான். பார்க்க நன்றாகவே இருந்தது. ப்ளே ஸ்டோரில் மாட்டிக்கொண்டான். 2023 நவம்பருக்குப் பிறகு தனிநபர் கணக்குத் திறந்தவர்கள் ஆப்பை வெளியிடும் முன் சோதனையாளர்களை வைத்துத் தொடர்ந்து 14 நாள் ஓட்டிக் காட்ட வேண்டும். முதலில் 20 பேர் என்றார்கள், 2024 டிசம்பரில் 12 ஆக்கினார்கள். டெலிகிராமில் காசுக்கு டெஸ்டர் விற்கும் குழுக்கள் உண்டு, அதற்குப் போகாதே என்றேன். கம்பெனி பெயரில் கணக்குத் திறந்தால் இந்தத் தொல்லை இல்லை என்றும் சொன்னேன், அதற்குக் கம்பெனிகளுக்குத் தரப்படும் அடையாள எண்ணான டன்ஸ் எண் வாங்க வேண்டும்.

அவன் அந்த இரண்டு வழிக்கும் போகவில்லை. களத்தில் கொப்பரை காயவைப்பவர்கள், லோடுமேன்கள், டிரைவர் என்று ஆள் பிடித்து, எல்லோர் போனிலும் ஜிமெயில் சரிபார்த்து, சோதனையில் சேர்த்துவிட்டான். யாராவது நடுவில் விலகினால் என்ன செய்வது என்று கூடுதலாக அத்தைகள், மாமா எல்லாரையும் சேர்த்திருக்கிறான். தினமும் காலை டீயோடு “ஆப்பை ஒரு தடவை தொறந்து மூடுங்க” என்று சொல்வதற்கு மேஸ்திரியைப் போட்டானாம். 14 நாள் கழித்து அனுமதி கிடைத்தது. என்னிடம் ஒரு ரூபாய் வேலை வாங்கவில்லை.

அடுத்த வாரம் கூப்பிட்டான். “அண்ணா, எடைச் சீட்டு தமிழ்ல அடிச்சா எல்லாம் கேள்விக்குறியா வருதுங்கண்ணா. ஏஐகிட்ட நாலு நாளா கேக்கறேன், சரியாச்சுன்னு சொல்லுது, பிரிண்டர்ல வரமாட்டேங்குது.” பிரிண்டரைக் கையோடு எடுத்துக்கொண்டு சனிக்கிழமை வரச் சொன்னேன்.